மழை மாதங்களில் மோட்டார் வண்டி

பனி நாட்டு மோட்டார் நூல்களைப் புரட்டினால், குளிர்காலம் முழுதும் வண்டியை வீட்டுக் கொட்டகையில் நிறுத்தி வைக்கும் முறையைப் பற்றி ஓர் அதிகாரமேனும் இருக்கக் காண்கிறோம். அந்நாடுகளில் சாலையில் உறையும் பனியை இளக்குவதற்காக உப்பைத் தூவுகிறார்கள். அவ்வுப்பு வண்டியின் அடிப்பாகத்தை அரித்துவிடுகிறது. எஞ்சினைச் சுற்றி ஓடும் நீர் உறைந்து விரிந்தால் இரும்புச் சுவரே பிளந்து போகும். ஆகவே இலையுதிர் காலத்தில் நிறுத்திய வண்டியை வசந்தத்திலேயே வெளியில் எடுப்போர் அங்கே பலர். கனடாவில் குடியேறியுள்ள நம் மக்கள் இதனை நன்கு அறிவர். நம் நாட்டிலும், காஷ்மீரத்திலோ இமாசலத்தின் மேல்மலைகளிலோ அலுவல் பார்க்கும் தமிழர்க்கு அந்நூல்கள் துணையாகும். ஆனால் மேற்கு மலைத்தொடரின்மேல் கேரள எல்லைக்குள் வாழும் நம்மவர், அவற்றைச் சொல்லுக்குச் சொல் பின்பற்றுவதில் பயன் குறைவு. இங்கே வண்டிக்குப் பகையாவது குளிரன்று, ஈரம்.

சாந்தன்பாறையை எடுத்துக்கொள்வோம். இடுக்கி மாவட்டத்து உடும்பன்சோலை வட்டத்தில், பூப்பாறையிலிருந்து குமுளி செல்லும் சாலையில் அமைந்த மலையூர் அது. 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் அதனை அடுத்த கள்ளிப்பாறைக் குன்றுகளில் நீலக்குறிஞ்சி பூத்தபோது வெளியூரார் பலரும் அதன் பெயரைக் கேள்வியுற்றனர். போடி, தேனி, கம்பம் பக்கங்களிலிருந்து வந்து, ஏலத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்தும் வாணிகம் செய்தும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அது பழகிய ஊர். மலையாளத்தார் இடவப்பாதி என்று கூறும் தென்மேற்குப் பருவமழை வைகாசிக் கடைசியில் இறங்கினால், ஆவணி வரையில் வானம் தெளிவது அரிது. ஐப்பசியில் துலாவர்ஷம் மறுபடி வருகிறது. தோட்டத்து மண்சாலைகள் சேறாகிவிடும். ஜீப்பு ஏறும் இடத்தில் சிறிய கார் ஏறாது. மூணாற்றிலிருந்து பூப்பாறைக்கு வரும் வழியிலுள்ள கேப் ரோடு 2019-லும் 2020-லும் மண்சரிவினால் அடைபட்டதை அப்பகுதியார் மறந்திருக்கமாட்டார்கள். ஒரு வாரத்திற்கென்று நிறுத்திய வண்டி இரண்டு திங்கள் நிற்க நேர்வதும் உண்டு. எனவே, நிறுத்தும்போதே நெடுநாளைக்கு என்று எண்ணி நிறுத்துதல் நலம்.

முதல் வேலை கழுவுதல். மேலே பளபளப்பாக இருந்தால் போதும் என்று நினைத்துவிடுகிறோம். கேடு தொடங்குவதோ கீழே. சக்கர வளைவின் உட்புறத்திலும், கதவுகளின் அடி விளிம்பிலும் செம்மண் அப்பிக்கொண்டிருக்கும். கதவின் அடியில் நீர் வடிவதற்கென்று சிறு துளைகள் உண்டு. சேறு அவற்றை அடைத்தால், கண்ணாடி வழியே இறங்கிய மழைநீர் கதவுக்குள்ளேயே தேங்கி, உள்ளிருந்து துருவைக் கிளப்பும். ஒரு குச்சியால் அவற்றைத் திறந்து, அடிப்பாகம் முழுவதையும் நீர் பாய்ச்சிக் கழுவவேண்டும். கழுவிய ஈரத்தோடு கொட்டகையில் விடுவது கழுவாமல் விடுவதினும் தீது. மழைக்கு முன்பே வெயிலுள்ள ஒரு நாளைத் தேர்ந்து, கழுவியபின் ஐந்தாறு மைல் ஓட்டி, பிரேக்கைப் பலமுறை மெல்ல அழுத்தி, சக்கரங்களின் சூட்டிலேயே ஈரம் உலரும்படி செய்து, பிறகு உள்ளே விடுக.

கொட்டகையைப் பற்றி ஒன்று அழுத்திச் சொல்லவேண்டும். தோட்டக்காரர் வீடுகளில் கார் நிற்கும் இடமே உர மூட்டைக்கும் மருந்துக்கும் இடமாகிவிடுவது வழக்கம். ஏலத்தின் அழுகல் நோய்க்குப் போர்டோ கலவை தெளிக்கிறோம். அதற்கு மயில்துத்தம் வேண்டும். மயில்துத்தம் பட்ட ஈர இரும்பில் செம்பு படிந்து, அவ்விரும்பு விரைந்து அரிக்கப்படும். பொட்டாஷ் உரமோ, காற்றின் ஈரத்தை இழுத்துக் கசிந்து, உப்பு நீராகத் தரையில் பரவும். பனி நாட்டார் சாலையில் தூவும் உப்புக்கு அஞ்சி வண்டியை உள்ளே வைக்கின்றனர். நாமோ உள்ளேயே உப்பை வைத்துக்கொண்டு வண்டியை அதன் பக்கத்தில் நிறுத்துகிறோம்! மூட்டைகளுக்கு வேறிடம் காண இயலாவிட்டால், வண்டிக்கு வேறிடம் காண்பதே அறிவுடைமை.

தரை மண்ணாயின் அடியிலிருந்து ஆவி எழுந்துகொண்டே இருக்கும். தடித்த பிளாஸ்டிக் விரிப்பைத் தரையில் பரப்பி, அதன்மேல் பலகையிட்டுச் சக்கரங்களை நிறுத்தலாம். விரிப்பு தரைக்கு நல்லதே ஒழிய வண்டியின் மேனிக்கு ஆகாது. தார்ப்பாயைப் போர்த்தி இறுகக் கட்டுவோர் வண்டிக்கு நன்மை செய்வதாக எண்ணுகின்றனர். பகலில் சற்றே சூடேறும் காற்று இரவில் குளிரும்போது, பாயின் உட்புறத்தில் நீர்த்துளி கோத்து வண்டியின்மேல் சொட்டுகிறது. பருத்தித் துணியாலான பழைய படுக்கை விரிப்பு அதனினும் மேலானது. காற்றுப் போக்குவரத்துக்குக் கொட்டகையின் மேற்புறத்தில் ஒரு சாளரம் திறந்திருக்கட்டும். எலி நுழையாதபடி கம்பி வலை அடித்துவிட்டால் போதும்.

பெட்ரோலைப் பற்றிப் பழைய நூல்கள் கூறுவது இன்று முற்றும் பொருந்தாது. இந்நாளில் நம் நாட்டில் விற்பனையாகும் பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் நீரை விரும்பி ஏற்கும் பொருள். ஓரளவு வரை நீரைத் தன்னுள் கரைத்து வைத்துக்கொள்ளும். அளவு மிஞ்சினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து தொட்டியின் அடியில் தங்கிவிடும். எஞ்சினுக்குச் செல்லும் குழாய் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். தொட்டியில் வெற்றிடம் மிகுந்தால் ஈரக்காற்று மிகுதியாகப் புகும். ஆதலால் விரிவுக்குச் சிறிது இடம் விட்டு, ஏறக்குறைய நிரப்பி நிறுத்துவதே முறை. டீசல் வண்டிகளில், எரிபொருள் வடிகட்டியின் அடியிலுள்ள நீரை முன்கூட்டியே வடித்துவிடவேண்டும்.

எஞ்சின் ஆயில் பழையதாயின் மாற்றுக. எரிந்த புகையின் அமிலமும் ஈரமும் பழைய ஆயிலில் கலந்திருக்கும். மாதக்கணக்கில் அது உலோகத்தின்மேல் ஒட்டிக் கிடப்பது நன்றன்று. ரேடியேட்டரில் வெறும் தண்ணீரும் கூடாது. மூணாற்றின் மேல்வரைகளைப்போல் சாந்தன்பாறையில் உறைபனி கவலையன்று. எனினும் கூலண்ட் என்னும் திரவம் துருவையும் தடுக்கிறது.

பாட்டரி ஓய்விலும் உழைக்கும் உறுப்பு. இக்காலத்துக் கார்களில் திருட்டு எச்சரிக்கை, கடிகாரம், கதவுப் பூட்டு முதலியவை சாவி எடுத்தபின்னும் சிறிது மின்சாரம் உண்கின்றன. அது 30 மில்லி ஆம்பியர் என்று கொண்டால், ஒரு நாளைக்கு 24 மணி, முப்பது நாளைக்கு 720 மணி. ஆக, திங்களொன்றுக்கு ஏறத்தாழ 22 ஆம்பியர்-மணி செலவாகிறது. சிறிய காரின் பாட்டரி 35 முதல் 45 ஆம்பியர்-மணி வரையில்தான் கொள்ளும். இரண்டு மாதத்தில் பாத்திரம் காலி. காலியாகக் கிடக்கும் பாட்டரியின் ஈயத் தகடுகளில் படிவம் இறுகிவிட்டால் பின்னர் எவ்வளவு மின்னேற்றினாலும் பழைய வலிமை வராது. ஆகவே முழுதும் மின்னேற்றி, எதிர்முனையை முதலில் கழற்றிவிடுக. மீண்டும் பூட்டும்போது அதனைக் கடைசியில் பூட்டுக. மாதம் ஒருமுறை மீட்டரால் பார்த்து, 12.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் மின்னேற்றலாம். கழற்றுவதற்குமுன் பானெட் திறப்பானையும் கதவின் கைச்சாவியையும் ஒருமுறை சோதித்தறிதல் நன்று. மின்சாரமின்றித் திறவாத கதவுக்குள் சாவியை வைத்துப் பூட்டியோர் படும் பாட்டை இங்கே விரிக்கவேண்டுவதில்லை.

“வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஓடவிட்டால் வண்டி கெடாது” என்பது எங்கும் வழங்கும் அறிவுரை. இதனை ஒப்புவதற்கில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாக உண்டாகிறது. நெடுந்தூரம் ஓடும்போது சைலன்சர் சூடேறி அந்நீர் வெளியே போய்விடும். குளிர்ந்த எஞ்சினை ஐந்து நிமிடம் உறுமவிட்டு நிறுத்தினால், ஆவி சைலன்சரிலும் ஆயிலிலும் நீராகத் தங்கித் துருவை வளர்க்கிறது; பாட்டரிக்கும் செலவான மின்சாரம் திரும்பி வருவதில்லை. ஓட்டுவதாயின் அரை மணி நேரம் சாலையில் ஓட்டுக, இல்லையேல் தொடாதிருக்க.

இதனோடு உயிர்க் கேடும் ஒன்று உண்டு. மழைச்சாரலுக்கு அஞ்சிக் கதவடைத்த கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடுவது சாவை அழைப்பதாகும். புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு நிறமும் மணமும் அற்றது. தலைவலியும் மயக்கமும் தோன்றும் வேளையில் எழுந்து வெளியேறும் வலிமையும் போய்விடும். கொட்டகை வீட்டோடு ஒட்டியதாயின் உள்ளறையில் உறங்குவோர்க்கும் ஆபத்தே. கதவைத் திறந்து, வண்டியை வெளியே தள்ளி, அதன்பின் எஞ்சினை முடுக்குவதே எக்காலத்துக்கும் விதியாக இருக்கட்டும். சிறுவர்க்கும் இதனைச் சொல்லி வைக்கவேண்டும்.

ஹாண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு நிறுத்தினால் ஈரத்தில் பிரேக் ஷூ டிரம்மோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். மலைவீடுகளின் தரை சரிவானது. ஆதலால் பிரேக்கை விடுவிக்குமுன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை இடுக. கியரில் நிறுத்துவதும் துணை. மின்விசையால் இயங்கும் பிரேக்குள்ள வண்டிகளுக்கு அவ்வவற்றின் கையேட்டையே பின்பற்றவேண்டும். டயர்களில் காற்றை வழக்கத்தினும் நான்கைந்து பவுண்டு கூட்டலாம்; டயரின் பக்கத்தில் பொறித்துள்ள உச்ச அளவைத் தாண்டலாகாது. பதினைந்து நாளுக்கொருமுறை வண்டியைச் சிறிது உருட்டிச் சக்கரம் கால்சுற்றுத் திரும்பும்படி செய்தால், ஒரே இடம் அழுந்தித் தட்டையாவது குறையும். அப்போதே கிளட்சையும் நாலைந்து முறை மிதித்துவிடுக.

உள்ளே பிஸ்கட் துணுக்கும் பழத்தோலும் கிடந்தால் எலிக்கு அழைப்பு. சிந்திய காப்பியில் பூஞ்சணம் முளைக்கும். மிதியடிகளை வெளியே எடுத்துவிடுக. நிறுத்துவதற்குமுன் குளிர்பதனத்தை அணைத்து, விசிறியை மட்டும் சிறிது நேரம் சுழலவிட்டால் உள்ளே தேங்கிய நீர் உலரும். எலிக்கு அஞ்சிப் பானெட்டுக்குள் புகையிலைக் காம்பு வைப்பாருண்டு. அதனை நம்பிப் பொறி வைக்காமல் இருந்துவிடலாகாது. புகைக்குழாயைத் துணியால் அடைப்பவர், மறவாதிருக்க ஸ்டியரிங்கில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டித் தொங்கவிடட்டும்.

வெளிமாநிலத் தமிழர்க்கு ஒரு குறிப்பு. தமிழ்நாட்டுப் பதிவெண்ணுள்ள வண்டியை வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்திற்குமேல் வைத்திருந்தால், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவின்படி அம்மாநிலப் பதிவுக்கு விண்ணப்பிக்கவேண்டும். நிற்கும் காலத்தில் இன்ஷூரன்ஸ் நாள் கடந்துவிடாமலும் பார்த்துக்கொள்க.

இனி வண்டியை எடுக்கும் நாள். சாந்தன்பாறையார்க்கு மழை கழிந்த முதற்பயணம் பெரும்பாலும் சொந்த ஊரை நோக்கியே. பூப்பாறை சென்று, போடிமெட்டில் ஏறி, 17 கொண்டையூசி வளைவுகள் வழியே முந்தலுக்கு இறங்கவேண்டும். நெடுநாள் நின்ற பிரேக்கை அங்கே கொண்டுபோய்ச் சோதிப்பது தகாது. பிரேக் எண்ணெயும் ஈரத்தை உறிஞ்சுவதே. டாட் 3 என்னும் வகை புதிதாக இருக்கையில் 205 பாகை வரை கொதியாது என்பது அதற்கு விதித்த அளவு. நீர் கலந்தபின் கணக்கிடும் அளவோ 140 பாகைதான். இறக்கத்தில் ஓயாமல் மிதிக்கும்போது எழும் சூட்டில் அது கொதித்து ஆவிக்குமிழ் உண்டானால், மிதி வெறுமனே தரையைத் தொடும்; வண்டி நில்லாது. இரண்டாண்டுக்கொருமுறை பிரேக் எண்ணெயை மாற்றுவதில் சிக்கனம் பாராட்டவேண்டாம்.

எனவே, முதலில் வண்டியைச் சுற்றி வந்து, கட்டைகளையும் அடைப்புத் துணியையும் அகற்றி, பானெட்டைத் திறந்து எலி கடித்த கம்பி உண்டா என்று பார்க்க. டயர்க் காற்றைப் பழைய அளவுக்குக் குறைக்க. எஞ்சினை முடுக்குமுன் பிரேக்கை மிதித்துப் பார்த்தால், மிதி கெட்டியாக நிற்கவேண்டும். முற்றத்திலேயே மெல்ல உருட்டி, நின்று, மறுபடி உருட்டி, மூன்று நான்கு முறை சோதிக்க. டிஸ்கின்மேல் படிந்த மெல்லிய துரு முதலில் கரகரக்கும். சிறிது தூரத்தில் அகன்றுவிடும். ஒரு பக்கமாக இழுத்தாலோ, மிதி தாழ்ந்தாலோ, சக்கரம் சூடேறி நாற்றமெடுத்தாலோ, மலை இறங்கும் எண்ணத்தை அன்றைக்கு விட்டு, மெக்கானிக்கை வரவழைத்துக் காட்டுக. யாவும் சரியாயிருப்பினும், போடிமெட்டு தாண்டியதும் இரண்டாம் கியருக்கு வந்து, எஞ்சினின் பிடியிலேயே வண்டியை இறக்குவது நல்லது.