ரக்பியா, அமெரிக்கக் கால்பந்தா: யாருக்கு உடம்பு கெட்டி?

1986 நவம்பரில் பிரான்ஸின் நான்ட் நகரில் நியூசிலாந்தும் பிரான்ஸும் ரக்பி ஆடிக்கொண்டிருந்தன. கீழே கிடந்த நியூசிலாந்து வீரர் வேய்ன் ஷெல்ஃபோர்டின் மேல் எதிரணி வீரரின் ஆணிக் காலணி ஏறியது. விதைப்பை கிழிந்தது, பற்களும் போயின. மைதான ஓரத்திலேயே தையல் போட்டுக்கொண்டு மறுபடியும் உள்ளே போய் ஆடினார் ஷெல்ஃபோர்ட். அதே ஆண்டு அமெரிக்காவில், சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் அணியின் ரோனி லாட், முந்தைய சீசனில் நசுங்கிப்போன இடது சுண்டுவிரலின் நுனியை வெட்டி எடுக்கச் சொன்னார். அறுவைச் சிகிச்சையில் விரலைக் காப்பாற்றப் பார்த்திருக்கலாம். ஆனால், அடுத்த சீசனின் தொடக்க ஆட்டங்கள் கைவிட்டுப் போய்விடும் என்பதால் அவர் அதை விரும்பவில்லை.

ரக்பி ரசிகரும் அமெரிக்கக் கால்பந்து ரசிகரும் வாக்குவாதத்தில் இறங்கினால் இந்த இரண்டு கதைகளும் வந்து நிற்கும். ‘ஹெல்மெட்டுக்குள் ஒளிந்துகொண்டு ஆடுகிறவர்கள்’ என்பார் ஒருவர். ‘எங்கள் ஆட்கள் வேகத்துக்கு உங்களால் ஈடு கொடுக்க முடியுமா?’ என்பார் மற்றவர். வலி தாங்குவதை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்த வழக்கு தீராது. இரு தரப்புமே சளைத்தவை அல்ல. விடை, ஆட்டக் கடிகாரத்திலும் விதிப் புத்தகத்திலும் இருக்கிறது.

35 நிமிடம், 11 நிமிடம்

ரக்பி யூனியனில் அணிக்கு 15 பேர், ஆட்டம் 80 நிமிடம். நிறுத்தங்களைக் கழித்தால் பந்து ஆட்டத்தில் இருப்பது சுமார் 35 நிமிடம். அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறைத் தொடரான என்எஃப்எல்-லில் அணிக்கு 11 பேர், ஆட்டம் 60 நிமிடம், டிவியில் மூன்று மணி நேரம். ஆனால், 2010-ல் ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ நாளிதழ் கணக்குப் போட்டுப் பார்த்தபோது பந்து உண்மையில் நகர்ந்த நேரம் சுமார் 11 நிமிடம்தான்.

அந்த 11 நிமிடத்தையும் ஒரே ஆள் ஆடுவதில்லை. தாக்குதலுக்கு ஒரு குழு, தடுப்புக்கு ஒரு குழு, பந்தை உதைக்கும் கட்டங்களுக்குத் தனிக் குழு. 53 பேர் கொண்ட அணியில் ஆட்களை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். ரக்பியில் பந்து கை மாறினால் ஆள் மாறுவதில்லை. அதே 15 பேர்தான் தாக்கவும் வேண்டும், தடுக்கவும் வேண்டும். எட்டு மாற்று வீரர்கள் உண்டு. பொதுவாக, காயமின்றி மாற்றப்பட்டவர் திரும்ப வருவதற்கு இடமில்லை.

ரக்பியில் முன்வரிசையில் நிற்கும் ‘ப்ராப்’ ஒருவரின் ஒரு நிமிடத்தைப் பாருங்கள். எட்டுக்கு எட்டு பேர் முட்டித் தள்ளும் ஸ்க்ரமில் கழுத்தும் தோளும் இறுக நிற்கிறார். ஒவ்வொரு பக்கமும் கிட்டத்தட்ட 900 கிலோ. ஸ்க்ரம் கலைந்ததும் எழுந்து 20 மீட்டர் ஓடுகிறார். ஓடி வருபவரின் இடுப்பைக் கட்டி வீழ்த்துகிறார். தரையிலிருந்து உடனே எழ வேண்டும், எழாவிட்டால் தண்டனை. அடுத்த மோதலுக்கு வரிசையில் போய் நிற்கிறார். விசில் ஊதும்வரை இதுதான் கதை.

அமெரிக்கக் கால்பந்தின் தாக்குதல் வரிசையில் நிற்கும் ‘லைன்மேன்’ வேலை வேறு. பந்து பின்னால் போன கணத்தில், தன்னை நோக்கிப் பாயும் 120, 130 கிலோ ஆளைத் தடுத்து நிறுத்த வேண்டும். ஐந்தாறு விநாடியில் விசில். பிறகு அரை நிமிடத்துக்கு மேல் ஓய்வு. கபடியில் பாடிப் போகிறவர் ஒரே மூச்சில் முழு பலத்தையும் கொட்டிவிட்டு வந்து நிற்பது போன்றது இது. ஒரு ஆட்டத்தில் இப்படி அறுபது, எழுபது முறை.

கடிகாரம் செதுக்கிய உடல்கள்

சில விநாடி மட்டும் நீடிக்கும் வெடிப்பு வேகத்துக்குத் தசையில் தயாராக இருக்கும் எரிபொருளே போதும். ஓய்வில் அதில் பெரும்பகுதி மீண்டும் நிரம்பிவிடும். எனவே, மூச்சு வாங்குமோ என்ற கவலையின்றி எடையை ஏற்றலாம். என்எஃப்எல் தாக்குதல் வரிசையில் 140 கிலோ என்பது சாதாரணம். ரக்பி ப்ராப்கள் பெரும்பாலும் 115 முதல் 125 கிலோவுக்குள் நிற்கிறார்கள். அதற்கு மேல் போனால் 80 நிமிடம் ஓடுவது பெரும்பாடு.

எடைக்கு மட்டுமல்ல, வேகத்துக்கும் இதே கணக்குதான். சியாட்டில் சீஹாக்ஸ் அணியில் ஆடிய டி.கே. மெட்காஃப் 193 செ.மீ. உயரம், 100 கிலோவுக்கு மேல் எடை. 2021-ல் அவர் தொழில்முறை ஓட்டக்காரர்களோடு 100 மீட்டர் ஓடினார். தன் ஓட்டத்தில் கடைசி இடம்தான். ஆனால், எடுத்துக்கொண்ட நேரம் 10.36 விநாடி. அந்த உடம்பை வைத்துக்கொண்டு அந்த வேகத்தில் ஓடக்கூடியவர் ரக்பியில் கிடைப்பது அரிது.

எதிர்ப்பக்கம் இன்னொரு எண். 2023 ரக்பி உலகக் கோப்பை இறுதியில் தென்னாப்பிரிக்கா 12–11 என்று நியூசிலாந்தை வென்றது. அந்த ஒரே ஆட்டத்தில் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்-ஸ்டெஃப் டு டாய்ட் செய்த டேக்கிள்கள், அதாவது எதிரியைப் பிடித்து வீழ்த்தியவை, 28. என்எஃப்எல்-லில் ஒருவர் பத்து டேக்கிள் செய்தாலே அன்றைக்குப் பேசப்படுவார்.

எந்த அடி பலமான அடி?

ஒரு தனி மோதலை எடுத்துக்கொண்டால் அமெரிக்கக் கால்பந்தின் அடிதான் பலமானது. காரணம் விதி. அங்கே நான்கு முயற்சிகளில் பத்து கஜம் முன்னேற வேண்டும். ஒரு கஜம் விட்டுக்கொடுத்தாலும் ஆட்டம் மாறிவிடும். எனவே, தடுப்பவர் எதிரியை நின்ற இடத்திலேயே நிறுத்தியாக வேண்டும். பந்து கையில் இல்லாதவரையும் இடித்துத் தள்ளலாம் என்பதால், எந்தத் திசையிலிருந்து அடி வரும் என்று தெரியாது.

ரக்பியில் ஒரு மீட்டர் போனால் பெரிய நஷ்டமில்லை. ஆளைக் கட்டி, கீழே தள்ளி, உடனே எழுந்து பந்துக்குப் போட்டியிடுவதுதான் லாபம். பந்து வைத்திருப்பவரை மட்டுமே டேக்கிள் செய்யலாம். கைகளால் கட்டிப் பிடிக்காமல் தோளால் மட்டும் இடித்தால் குற்றம். தோளுக்கு மேலே பிடித்தாலும் குற்றம். அடியின் பலம் சற்றுக் குறைவு, எண்ணிக்கை அதிகம்.

ஹெல்மெட் போட்டால் அடி வலிக்காது என்பது பாதி உண்மை. மண்டை ஓடு உடையாமல் ஹெல்மெட் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதை அதனால் நிறுத்த முடியாது. 1905-ல் அமெரிக்கக் கால்பந்தில் 18 பேராவது இறந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் பல்கலைக்கழகங்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேச வேண்டியதாயிற்று. 1906-ல் பந்தை முன்னோக்கி எறியும் விதி வந்தது. 1943-ல் என்எஃப்எல் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. பிளாஸ்டிக் ஹெல்மெட் கெட்டியாக ஆக, வீரர்கள் தலையையே ஆயுதமாக்கினார்கள். 1976-ல் கல்லூரி, பள்ளி ஆட்டங்களில் தலையால் முட்டுவது தடைசெய்யப்பட்டது. மரணங்கள் பெருமளவு குறைந்தது அதற்குப் பிறகுதான்.

கூடு விட்டுக் கூடு பாய்ந்தவர்கள்

இரண்டையும் ஆடிப் பார்த்தவர்களே சரியான சாட்சிகள். 2015-ல், ரக்பியின் இன்னொரு வகையான ரக்பி லீக்கின் ஆஸ்திரேலிய நட்சத்திரம் ஜாரிட் ஹெய்ன், ஃபார்ட்டிநைனர்ஸில் இடம் பிடித்தார். முக்கியத் தொடரில் கைக்கு வந்த முதல் பந்தையே நழுவவிட்டார். எட்டு ஆட்டங்களோடு முடிந்தது. இங்கிலாந்தின் கிறிஸ்டியன் வேட் 2019-ல் பஃபலோ பில்ஸ் அணியின் பயிற்சி ஆட்டத்தில் முதல் பந்திலேயே 65 கஜம் ஓடி, எல்லைக் கோட்டைத் தாண்டி டச்டவுன் எடுத்தார். ஆனாலும், முக்கியத் தொடரில் ஒரு ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. வேல்ஸின் லூயி ரீஸ்-ஸாமிட் 2024-ல் போய், 2025-ல் ரக்பிக்கே திரும்பிவிட்டார். இவர்களுக்கு வேகமோ துணிச்சலோ குறைவில்லை. சிறுவயதிலிருந்தே அங்கே பழகியவர்களுக்கு ஊறிப்போன ஆட்டத் திட்டங்களை ஓரிரு ஆண்டில் கற்றுக்கொள்ள முடியாததுதான் சிக்கல்.

விதிவிலக்கு ஜோர்டான் மைலாட்டா. சிட்னியில் ரக்பி லீக் ஆடிய 203 செ.மீ. உயரக்காரர், எடை 160 கிலோவுக்கு மேல். ஓயாமல் ஓட வேண்டிய ஆட்டத்தில் அந்த உடம்பு சுமை. தடுத்து நிற்க வேண்டிய ஆட்டத்தில் அதுவே சொத்து. அமெரிக்கக் கால்பந்தை ஒரு முறைகூட ஆடாத அவரை 2018-ல் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் எடுத்தது. 2025 பிப்ரவரியில் என்எஃப்எல் இறுதியாட்டமான சூப்பர் பவுலை வென்ற அணியின் தூண்களில் ஒருவர் அவர்.

எதிர்த்திசையிலும் போயிருக்கிறார்கள். என்எஃப்எல் கதவைத் தட்டி, காயத்தால் வாய்ப்பை இழந்த பெர்ரி பேக்கர், ஏழு பேர் ஆடும் ரக்பிக்கு மாறி 2017, 2018 இரண்டு ஆண்டுகளிலும் உலகின் சிறந்த வீரர் விருதை வாங்கினார்.

மூளைக்குத் தெரியாத வித்தியாசம்

பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணிக்காக நான்கு சூப்பர் பவுல் வென்ற மைக் வெப்ஸ்டர் 2002-ல் 50 வயதில் இறந்தார். மருத்துவர் பென்னட் ஒமாலு அவர் மூளையில் கண்டது, திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் சிதைவு நோய். வெப்ஸ்டர் ஆடியது வரிசையின் நடுவில். ஒவ்வொரு முறையும் வாங்கியது சிறிய இடிதான். இங்கிலாந்துக்காக 2003 ரக்பி உலகக் கோப்பை வென்ற ஸ்டீவ் தாம்ப்சன், தனக்கு இளவயது மறதி நோய் வந்திருப்பதை 2020-ல் வெளியே சொன்னார். அந்தக் கோப்பையை வென்றதே நினைவில் இல்லை என்றார். ஸ்காட்லாந்தின் முன்னாள் சர்வதேச ரக்பி வீரர்களுக்கு நரம்புச் சிதைவு நோய் அபாயம் மற்றவர்களைவிட சுமார் இரண்டரை மடங்கு என்று 2022-ல் கிளாஸ்கோ ஆய்வாளர்கள் கண்டார்கள்.

தீர்ப்பு இதுதான். எல்லா வேலையும் தெரிந்த, ஓய்வின்றி உழைக்கும் உடல்திறனில் ரக்பி வீரர் முன்னே. அளவு, வேகம், வெடிப்பு ஆற்றல் இவற்றின் உச்சத்தில் அமெரிக்கக் கால்பந்து வீரர் முன்னே. நெஞ்சுறுதியில் இருவரும் சமம். தலையில் அடிபட்டும் வெளியேற மறுப்பதை மட்டும் வீரத்தின் கணக்கில் சேர்க்கக் கூடாது. அடிபட்டவரை உடனே வெளியே அழைத்து வருவதுதான் எந்த மைதானத்திலும் பயிற்சியாளரின் முதல் கடமை.