பனிக்குள் ஒளிந்திருக்கும் பலவீனம்



பனிச்சரிவு என்றதும் நமக்கு ஞாபகம் வருவது சினிமாக் காட்சிதான். யாரோ ஒருவர் உரக்கக் கத்துவார். மலையே சரிந்து விழும். உண்மையில் மனிதன் போடும் சத்தத்துக்குப் பனி சரிவதில்லை. அவனுடைய எடைக்குத்தான் சரிகிறது. ஆல்ப்ஸிலும் வட அமெரிக்காவிலும் பனிச்சறுக்குப் பயணத்தில் சரிவில் சிக்கி இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர், தாங்களோ தங்கள் கூட்டாளிகளோ கிளப்பிவிட்ட சரிவில்தான் மாட்டினார்கள்.

சறுக்கு விடுதிகளில் ஆபத்தான பனியை வெடி வைத்து முன்கூட்டியே இறக்கிவிடுவார்கள். ஆனால் ஸ்கீ பலகைக்கு அடியில் பட்டை ஒட்டிக்கொண்டு, தன் காலால் மலையேறி, ஆள் தொடாத சரிவில் சறுக்கி இறங்குபவர்களும் உண்டு. அங்கே காவலர் கிடையாது. 'இந்தப் பனி தாங்குமா?' என்று போகிறவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். எப்படிப் பார்ப்பது?

அடுக்கும் பிடிப்பும்

மலையில் கிடக்கும் பனி ஒரே கட்டி அல்ல. ஒவ்வொரு பனிப்பொழிவும் ஓர் அடுக்கு. மேகமில்லாத குளிர் இரவில் மேற்பரப்பில் இறகு போன்ற படிகங்கள் வளரும். பார்க்க அழகு, அடுத்த பொழிவு அதை மூடிவிட்டால் ஆபத்து. அதேபோல், பனிக்குள் 10 செ.மீ. ஆழத்துக்கு 1 டிகிரிக்கு மேல் வெப்பநிலை மாறினால், நீராவி நகர்ந்து, பனித்துகள்கள் சர்க்கரை மாதிரி ஒட்டாத மணிகளாகிவிடும்.

நமக்குத் தெரிந்த உதாரணம் சொல்கிறேன். சுவரில் தூசி தட்டாமல், தண்ணீர் அடிக்காமல் பூசினால் என்ன ஆகும்? கலவையும் நல்லது, சுவரும் நல்லது. நடுவில் பிடிப்பு இல்லை. ஒருநாள் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழும். என் அப்பா கொத்தனார். பூச்சைத் தட்டிப் பார்த்து 'டொப்' என்று கேட்டால், "உள்ளே பிடிக்கலை" என்பார். பனியிலும் இதே கதைதான். காலடியில் 'வும்ப்' என்று அமுங்கும் சத்தம் கேட்டால், உள்ளே பலவீனமான அடுக்கு நொறுங்கிவிட்டது என்று அர்த்தம்.

ஒரு சின்னக் கணக்கு

கன மீட்டருக்கு 200 கிலோ அடர்த்தி, 50 செ.மீ. கனம் உள்ள பனிப் பாளம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டருக்கு 100 கிலோ. சரிவில் 50 மீட்டருக்கு 80 மீட்டர் பாளம் கழன்றால் மொத்தம் 400 டன்! அதன் நடுவில் நிற்கும் மனிதனின் கதி என்ன?

பாளச் சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிச் சரிவில்தான் கிளம்புகின்றன. எனவே கோணமானி கட்டாயம் வேண்டும். நாம் நிற்கும் இடம் சமதரையாக இருக்கலாம். தலைக்கு மேலே உள்ள சரிவையும் அளக்க வேண்டும்.

எச்சரிக்கை அறிகுறிகள்

1. பக்கத்துச் சரிவுகளில் புதிதாகச் சரிந்த தடம்.
2. காலடியில் 'வும்ப்' சத்தம். பலகையின் முன்னால் ஓடும் விரிசல்.
3. சமீபத்திய பலத்த பனிப்பொழிவு, அல்லது காற்று ஒரு பக்கமிருந்து அள்ளிக்கொண்டுவந்து குவித்த பனி.
4. வெயிலோ மழையோ வந்து திடீரென்று சூடேறுவது.

புறப்படும் முன்பே அந்தப் பகுதியின் பனிச்சரிவு அறிக்கையைப் படிக்க வேண்டும். அபாயத்தை 1 முதல் 5 வரை நிலைகளாகச் சொல்வார்கள். 3 என்றால் 'நடுவில்தானே' என்று நினைப்பது தவறு. சுவிட்சர்லாந்தில் அதிகம் பேர் இறப்பது இந்த மூன்றாம் நிலை நாட்களில்தான். 4, 5 என்றால் பலரும் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள்!

அங்கேயும் கம்ப்ரஷன் டெஸ்ட்!

நம்ம லேபில் கான்கிரீட் க்யூபுக்குச் செய்கிற சோதனையின் பெயரிலேயே அங்கும் ஒன்று உண்டு. பனியைத் தோண்டி, 30 செ.மீ. சதுரத்தில் ஒரு தூணை வெட்டி நிறுத்துவார்கள். அதன்மேல் மண்வெட்டியின் தகட்டை வைத்து, மணிக்கட்டிலிருந்து 10 தட்டு, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10. எத்தனையாவது தட்டில், எந்த ஆழத்தில், எப்படி வெட்டுப்படுகிறது என்று குறிப்பார்கள். குறைந்த தட்டில், மழமழவென்று வழுக்கிக்கொண்டு வந்தால் திரும்பிவிட வேண்டும்.

தூண் தாங்கிவிட்டால் போகலாமா? அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஒரு க்யூப் பாஸ் ஆனால் கட்டடம் முழுக்க பாஸ் ஆகுமா? பத்தடி தள்ளி பனியின் கதையே வேறாக இருக்கலாம். ஆகவே சோதனை 'வேண்டாம்' என்றால் நம்ப வேண்டும். 'சரி' என்றால் அதை மட்டும் நம்பி இறங்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் 30 டிகிரிக்குக் குறைந்த சரிவு போதும். ஆபத்தான இடத்தை ஒவ்வொருவராகக் கடக்க வேண்டும். சிக்னல் கருவி, துழாவும் கம்பி, மண்வெட்டி மூன்றும் எல்லோரிடமும் இருக்க வேண்டும். புதைந்தவரை முதல் பத்து நிமிடங்களுக்குள் எடுத்தால் பெரும்பாலும் உயிரோடு எடுக்கலாம். அரை மணி கடந்தால் நம்பிக்கை மிகவும் குறைவு.

பதினாறு பேர்

2012 பிப்ரவரி 19. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்டீவன்ஸ் பாஸ். புயல் கொட்டிய புதுப்பனி. அதன் அடியில், முந்தைய தெளிந்த நாட்களில் வளர்ந்த இறகுப் படிகங்கள். சறுக்கப் போனவர்கள் 16 பேர், பெரும்பாலும் கைதேர்ந்தவர்கள். சரிவில் 3 பேர் இறந்தார்கள். 'எனக்கு அப்போதே மனதில் சந்தேகம் இருந்தது, வாய் திறக்கவில்லை' என்ற மாதிரி சிலர் பின்னால் சொன்னார்கள். இத்தனை பேருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகிறது என்ற நினைப்பு!

நண்பர்களே, பனிக்குள் ஒரு பலவீனமான அடுக்கு இருப்பது போல, கூட்டத்துக்குள்ளும் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் மௌனம். நாளை சைட்டில் நிற்கப்போகிறோம், மெஷின் முன் நிற்கப்போகிறோம். மனதில் 'டொப்' என்று கேட்டால், பக்கத்தில் இருப்பவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், "சார், இது தாங்குமா?" என்று கேட்டுவிடுவோம். கேள்விக்கு எடை இல்லை. அதனால் எதுவும் சரியாது!