பின்கட்டில் 4.3 கிலோ

ஸ்போர்ட் ரிம் கடைக்குப் போனால் முன்கட்டில் நிற்காதீர்கள். சுவர் முழுக்க மாட்டியிருக்கும் 17 அங்குலமும் 18 அங்குலமும் வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு. குஷியெல்லாம் பின்கட்டில்தான். சாலாக் செலாத்தானில் அப்படியொரு பின்கட்டில் சனிக்கிழமை மத்தியானம் முழுக்க உட்கார எனக்கு இடம் கிடைத்தது. ஆளுயரத்துக்கு அடுக்கிய பழைய ஜப்பான் ரிம்கள், 'புஸ்' என்று அடிக்கடி காற்றை விடும் டயர் மெஷின், சோப்புத் தண்ணீர் வாளி, கயிறு கட்டி ஆணியில் தொங்கவிட்ட பிளாஸ்டிக் பையில் பாதி குடித்த தே தாரிக். சனிக்கிழமையைக் கழிக்க இதைவிட நல்ல இடம் கோலாலம்பூரில் எனக்குத் தெரியாது.

வட்டாரமே அப்படி. எல்.ஆர்.டி.யில் இரண்டு நிலையம் தள்ளினால் சான் சோ லின். பட்டறைகளும் உதிரிபாகக் கடைகளும் தோளோடு தோள் இடிக்கும் இடம் அது. கிள்ளான் துறைமுகத்தில் வந்து இறங்கும் ஜப்பானியப் பழைய சாமான்களில் ஒரு பங்கு எப்படியோ இந்தப் பக்கம் உருண்டு வந்துவிடும்.

கடைக்காரர் சீனர். வருகிறவர்களுக்கு அவர் 'பாஸ்', அவருக்கு வருகிறவர்கள் எல்லாரும் 'தம்பி'. உள்ளே வேலையைப் பார்க்கிற போர்மன் தமிழர், ஊருக்கே 'அண்ணன்'. அன்றைக்கு ஜாக்கில் ஏறி நின்றது 2011-இல் வந்த இரண்டாம் தலைமுறை மைவி. 1.5 லிட்டர், மேனுவல் கியர், 102 குதிரைசக்தி, எடை ஒரு டன்னை ஒட்டி. 2005-இல் முதல் மைவி வந்த நாளிலிருந்து இந்த நாட்டில் அதைக் கேலி பேசாதவர் இல்லை, ஒரு தடவையாவது ஓட்டாதவரும் அதிகம் இல்லை. பி.எம்.டபிள்யூ.வின் முதுகில் ஒட்டிக்கொண்டு விளக்கடித்து வழி கேட்கும் தைரியம் வேறு எந்தச் சின்ன வண்டிக்கு உண்டு?

வண்டிக்காரத் தம்பி கிள்ளானிலிருந்து மூன்று கூட்டாளிகளோடு வந்திருந்தார். பழைய சொந்தக்காரர் மாட்டிவிட்டுப் போன, பேர் தெரியாத 16 அங்குல ரிம்மைக் கழற்றிவிட்டு லேசாக ஒரு செட் போட வேண்டுமாம். அதைச் சொல்லிக்கொண்டே அவர் விரல் நீட்டியது சுவரிலிருந்த 17 அங்குலத்தை.

"அது பாக்க நல்லாத்தான் இருக்கும். தூக்கிப் பாரு," என்றார் அண்ணன்.

முன்கட்டில் விலை எழுதியிருக்கிறது, அளவு எழுதியிருக்கிறது. எடை மட்டும் எங்கேயும் இல்லை. அண்ணன் மேசை டிராயரைத் திறந்து எடுத்த கருவியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. திருச்சிக்கோ சென்னைக்கோ விமானம் ஏறுவதற்கு முந்தின ராத்திரி நம் வீட்டு அம்மாக்கள் பெட்டியை மாட்டித் தூக்குவார்களே, அதே கைத்தராசு! வார்ப்பட்டையை ரிம்மின் கம்பிக்குள் நுழைத்துத் தூக்கினார். பழைய 16 அங்குலம், டயர் இல்லாமலே, 8 கிலோவைத் தாண்டியது. தம்பி ஆசைப்பட்ட 17 இன்னும் மேலே போனது. கூட்டாளிகள் போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பிறகு அடுக்கின் அடியிலிருந்து, வெள்ளிச் சாயம் மங்கி, பிரேக் தூசி அப்பிய 15 அங்குலம் ஒன்றை உருவினார். ஆறு ஜோடிக் கம்பிகள். தராசில் 4.3.

"தராசு கெட்டுப்போச்சாண்ணே?"

கெடவில்லை. அது என்கேய் ஆர்.பி.எஃப்.1, 7 அங்குல அகலம். 1950-இல் ஹமாமட்சு நகரில் தொடங்கிய என்கேய், 1995-லிருந்து மெக்லாரன் ஃபார்முலா ஒன் அணிக்கு ரிம் செய்துகொடுத்தது. அந்தப் பந்தய அனுபவத்தில் பிறந்த சாலை ரிம்தான் இது. நான் ஒரு விரலில் மாட்டித் தூக்கிப் பார்த்தேன். ஆமாம், ஒரே விரல். பின்கட்டில் அன்று நான் போட்ட சத்தம் வாசல்வரை கேட்டிருக்கும்.

எடை எங்கே போகிறது என்பது அடுத்த கூத்து. சாதாரண ரிம் வார்ப்பு. சிலிக்கன் கலந்த அலுமினியத்தை 700 டிகிரிப் பக்கம் உருக்கி அச்சுக்குள் விடுகிறார்கள். வார்ப்புக்குள் நுண்ணிய துளைகள் தங்கிவிடலாம் என்பதால், உடையாமல் இருக்க உலோகத்தைத் தாராளமாகவே வைக்க வேண்டும். அங்கே ஏறுவதுதான் எடை. ஆர்.பி.எஃப்.1 பாதி வழி வரைக்கும் அதே வார்ப்புதான். அதற்குப் பிறகு ரிம்மைச் சூடாக்கிச் சுழலவிட்டு, உருளைகளால் அழுத்தி, குயவர் பானைச் சுவரை ஏற்றுவது போலப் பீப்பாய்ப் பகுதியை இழுத்து மெல்லியதாக்குகிறார்கள். அழுத்தத்தில் உலோகம் இறுகி வலுக்கிறது. மெல்லியதாய் இருந்தாலும் தாங்குகிறது. இதற்கும் மேலே ஃபோர்ஜிங். உருக்குவதே கிடையாது. திட அலுமினியக் கட்டியைச் சூடாக்கி, ஆயிரக்கணக்கான டன் அழுத்தத்தில் ரிம்மாக நசுக்கி எடுப்பது.

ஃபோர்ஜிங் என்றதும் கூட்டாளிகளில் ஒருவர் வாயிலிருந்து வந்தது எதிர்பார்த்த பெயர்தான்: டி.இ.37. ரேய்ஸ் நிறுவனம் 1996-இல் வெளியிட்ட ஆறு கம்பி ரிம். 15 அங்குலம், 6 அங்குல அகலத்தில் அதன் எடை 3.7 கிலோ. பெயரில் இருக்கிற 37 அதுதான். உலகத்தில் அதிகம் காப்பியடிக்கப்படும் ரிம்களில் அதுவும் ஒன்று, நம் ஊர்ச் சாலையில் ஓடுகிற பாதி டி.இ.37 ரேய்ஸ் தொழிற்சாலையைக் கனவில்கூடப் பார்த்திருக்காது என்பது என் சந்தேகம். ஸ்டிக்கரை யாரும் ஒட்டலாம். ஜப்பானியத் தரத்தைக் காட்டும் ஜே.டபிள்யூ.எல்., வி.ஐ.ஏ. எழுத்துகளையும் யாரும் அச்சில் செதுக்கலாம். ஆனால் தராசில் தொங்கவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். வேறொருவர் வடிவத்தைத் தழுவினாலும் தன் சொந்தப் பெயரிலேயே விற்கிற ரிம்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. பிலிப்பைன்ஸில் வார்க்கிற ரோட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஸ்லிப்ஸ்ட்ரீம் 15 அங்குலத்தில் 5 கிலோவைக் கொஞ்சம் தாண்டும். காசுக்கேற்ற நேர்மை.

சரி, வண்டி பறக்குமா? தம்பி கேட்டார். பாஸ் கண்ணைச் சிமிட்டினார், பதில் சொல்லவில்லை. நல்ல வியாபாரி. கணக்கை நான் போட்டேன். ஒரு ரிம்முக்கு நாலு கிலோ வீதம் குறைந்தால் மொத்தம் 15, 16 கிலோ. உருளும் சக்கரத்தின் விளிம்பில் இருக்கிற எடையை முன்னால் தள்ளவும் வேண்டும், சுழற்றவும் வேண்டும். அதனால் விளிம்பில் குறைகிற ஒரு கிலோ, வண்டிக்குள் குறைகிற இரண்டு கிலோவுக்குச் சமம். கம்பிகளின் எடை நடுவை ஒட்டி இருப்பதால் முழு இரட்டிப்பு கிடைக்காது, எஞ்சினுக்கு 25 கிலோ இறங்கிய மாதிரி இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு டன் வண்டியில் நூற்றுக்கு இரண்டரை. ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தால் கொஞ்சம் தெரியும். மாமாக் கடையில் உட்கார்ந்து பேசுகிற அளவுக்கு நிச்சயம் தெரியாது.

பள்ளத்தில்தான் தெரியும். சக்கரமும் பிரேக்கும் ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிற பாரம். அது கனமாக இருந்தால் மேட்டில் ஏறித் தூக்கியெறியப்பட்ட சக்கரம் சாலைக்குத் திரும்பத் தாமதமாகும், அந்த நேரம் டயருக்குப் பிடிப்பு குறைவு. லேசாக இருந்தால் ஸ்பிரிங் சட்டென்று அமுக்கிவிடும். ஸ்டியரிங்கும் கைக்கு உடனே பதில் சொல்லும். மைவி மாதிரி எடை குறைந்த வண்டியில் இந்த வித்தியாசம் இன்னும் எடுப்பாகத் தெரியும். லேசான ரிம்முக்குக் காசு கொடுப்பது இதற்காகத்தான் என்பேன், முதல் கியர் வீராப்புக்காக இல்லை.

அதே பள்ளம்தான் லேசான ரிம்முக்கு எமனும். ராலிக்காரர்கள் மெல்லிய ரிம்மைக் கட்டிக்கொண்டு கல்லில் இறங்க மாட்டார்கள். 2002-இல் புரோட்டோன் ஓட்டி உலக ராலியின் புரொடக்‌ஷன் பிரிவை வென்ற நம் கரம்ஜித் சிங் காலத்திலும் சரி, இன்றும் சரி, கற்சாலை ராலிக்கு 15 அங்குல ரிம், தடித்த பக்கச் சுவருள்ள டயர். அதனால்தான் அண்ணன் அடுத்த அரை மணி நேரம் யாரோடும் பேசவில்லை. நாலு ரிம்மையும் ஒவ்வொன்றாக பேலன்சிங் மெஷினில் டயர் இல்லாமல் மாட்டிச் சுழலவிட்டு, உள்விளிம்பின் பக்கத்தில் ஸ்க்ரூடிரைவர் நுனியை அசையாமல் பிடித்தார். விளிம்புக்கும் நுனிக்கும் நடுவே இருக்கிற இடைவெளி மாறாமல் இருந்தால் ரிம் நேர். மூன்று நேர். நாலாவது ஒரு இடத்தில் நுனியை 'டிக்' என்று தொட்டது. டார்ச் அடித்து, விரல் நகத்தால் உள்பக்கத்தை வருடிக்கொண்டே போனார். நகம் எங்கேயும் தடுக்கவில்லை. வளைவுதான், விரிசல் இல்லை. பிரஸ்ஸில் வைத்து நிமிர்த்திவிட்டார். விரிசல் இருந்து வெல்டிங் அடித்த ரிம் என்றால் இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்பது அவர் கட்சி. நானும் அதே கட்சி.

பொருத்தும் வேலைக்கு எண்கள் வேண்டும். மைவிக்கு நாலு போல்ட், போல்ட் வட்டத்தின் விட்டம் (பி.சி.டி.) 100 மில்லிமீட்டர். அதில் இடிக்கவில்லை. நடு ஓட்டைதான் தகராறு: வண்டியின் ஹப் 54.1 மில்லிமீட்டர், ரிம்மின் ஓட்டை 73. அண்ணன் ஒரு பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து, குவிந்த வளையங்களைக் கிளறி, 73-க்கு 54.1 என்று எழுதிய நாலை எடுத்து 'டக்' என்று உள்ளே அழுத்தினார். அந்த வளையம் இல்லாவிட்டால் ரிம் நட்டுகளை நம்பி மட்டும் நடுவில் நிற்க வேண்டும். கொஞ்சம் விலகினாலும் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். ஆஃப்செட் 41. இந்த எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே துருத்தும், ஃபெண்டரைத் தாண்டினால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே. நிறுத்திக் கேட்கும். டயர் 195/50. கம்பெனியின் 185/55-ஐவிட மொத்த விட்டம் 8.5 மில்லிமீட்டர் குறைவு, அதனால் மீட்டர் நூற்றுக்கு ஒன்றரை கூடுதலாகக் காட்டும். போலீஸ் கேமரா முன்னால் அது நல்லதுக்குத்தான்.

முதல் சக்கரத்தை மாட்டி, ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திருப்பிப் பார்த்தார்கள். எங்கும் உரசவில்லை. மற்ற மூன்றும் ஏறின. நட்டுகளை எதிரெதிர் வரிசையில் ஓட்டி, டார்க் ரெஞ்சை 100 நியூட்டன் மீட்டரில் வைத்து 'கிளிக்' கேட்கிறவரை. ஜாக் இறங்கியது. ஃபூயோ! மங்கிய சாயத்தோடும் அந்த மைவி பந்தயத்துக்குப் புறப்பட்ட மாதிரி நின்றது. விலை பேசுவது மட்டும் மாட்டியதைவிட அதிக நேரம் எடுத்தது. கடைசியில் பழைய 16 அங்குல செட்டை எடுத்துக்கொண்டு பாஸ் கொஞ்சம் வெள்ளியைக் குறைத்தார்.

"பதினஞ்சு கிலோ மிச்சம்டா!" என்று தம்பி கூட்டாளியின் தோளில் குத்தினார். பணப்பையை எடுக்கப் பின்கதவைத் திறந்தார். உள்ளே இடத்தை முழுக்க அடைத்த சப்வூஃபர் பெட்டி, பேட்மிண்டன் பைகள், ஸ்பேர் டயர், அதன்மேல் அம்மா வாங்கிவரச் சொன்ன 10 கிலோ அரிசி மூட்டை. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, கைத்தராசை மட்டும் எடுத்து நீட்டினார். தம்பி அதைப் பார்க்காத மாதிரி பின்கதவைச் சாத்த, கூட்டாளிகள் மூன்று பேரும் வண்டிக்குள் ஏறினார்கள்.