கடலடியில் உறங்கும் வித்து

உழவன் தூவிய வித்து உடனே முளைத்துவிடுவதில்லை. ஈரம் வேண்டும், இளஞ்சூடு வேண்டும், காற்று வேண்டும். இவை கூடிவரும் வரையில் வித்து மண்ணுக்குள் பொறுத்திருக்கிறது. நிலத்தில் நாம் காணும் இவ்வுண்மை கடலுக்கும் பொருந்தும் என்றால் வியப்பாக இல்லையா? கண்ணுக்குப் புலப்படாமல் கடல்நீரில் மிதக்கும் நுண்பாசிகளுள் சில, இவ்வாறே வித்தாகி உறங்கிப் பின் விழிக்கின்றன.

“பாசியை ஆராய்ந்து யாருக்கு என்ன பயன்?” என்று விடுமுறையில் ஊருக்குப் போகும்போதெல்லாம் உறவினர் என்னைக் கேட்பதுண்டு. நான் சொல்லும் விடை இதுதான். 1997 செப்டம்பரில் கேரளத்து விழிஞ்ஞத்தில் சிப்பி உண்டவர்களில் 7 பேர் மாண்டனர். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். 1981இல் நம் தமிழ்நாட்டிலும் மட்டி உண்டு 3 பேர் இறந்தனர். மேலும் பலர் மருத்துவமனை சென்றனர். சமைத்தவர் மீது குற்றமில்லை. சிப்பி நீரை வடிகட்டிப் பாசியை உண்பது. பாசியில் நஞ்சிருந்தால் அது சிப்பியின் உடலில் சேர்கிறது. சாக்ஸிடாக்ஸின் என்னும் அந்நஞ்சு நரம்பின் வேலையை நிறுத்தி, மூச்சையும் அடக்கிவிடும். கொதிக்க வைத்தாலும் அது அழியாது. அதற்கு மாற்று மருந்தும் இல்லை. செயற்கை மூச்சுக் கொடுத்துத்தான் நோயாளியைக் காக்க வேண்டும்.

இந்நஞ்சை உண்டாக்கும் பாசிகளுள் பெயர் பெற்றது அலெக்ஸாண்ட்ரியம். சாட்டை போன்ற இரண்டு இழைகளால் நீந்தும் ஓரணு உயிர் அது. ஒளியும் உணவுச் சத்தும் போதிய அளவு கிடைத்தால் ஒன்று இரண்டாகப் பிளந்து பெருகும். இரண்டு நாளைக்கு ஒரு முறை பிளந்தாலும் இருபது நாளில் ஓர் அணு 1,024 ஆகிவிடும் என்று கணக்கிட்டுப் பாருங்கள்!

ஆனால் எந்தப் பெருக்கமும் என்றென்றும் நீடிக்காது. நீரில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் குறையும்போது பாசி தன் வழியை மாற்றிக்கொள்கிறது. பிளப்பதை விட்டு, ஆண் பெண் போன்ற அணுக்களைத் தோற்றுவிக்கிறது. இரண்டு அணுக்கள் கூடி ஒன்றாகின்றன. அவ்வணு சில நாள் நீந்தித் திரிந்து, உள்ளே உணவைச் சேர்த்துக்கொண்டு, தடித்த உறை போர்த்துக் கடலடிச் சேற்றில் அமிழ்கிறது. இதுவே சிஸ்ட் எனப்படும் உறக்க வித்து.

இவ்வுறக்கம் இரு வகைப்படும். முதலாவது கட்டாய உறக்கம். சூழ்நிலை எவ்வளவு நன்றாயினும் அக்காலம் முடியும் முன் வித்து விழிக்காது. சில இனங்களுக்கு இது இரண்டு வாரம். குளிர்கடல் இனங்களுக்குப் பல மாதம். இரண்டாவது காத்திருப்பு. தக்க வெப்பமும் ஆக்ஸிஜனும் கிடைத்தால் வித்து முளைக்கும். ஒளி அதனை விரைவுபடுத்தும். சேற்றின் ஆழத்தில் ஆக்ஸிஜன் இல்லை; ஆகவே அங்குப் புதைந்தது ஆண்டுக்கணக்கில் காத்துக்கிடக்கும். புயலோ தூர்வாரும் பொறியோ சேற்றைக் கிளறிவிட்டால் அதற்கும் வாய்ப்பு வந்துவிடுகிறது.

இவற்றை விரிவாக ஆராய்ந்த இடங்களுள் ஒன்று அமெரிக்காவின் வடகிழக்கே உள்ள மேய்ன் வளைகுடா. அங்கு ஆழ்நீரில் ஆண்டு முழுதும் இருளும் குளிருமே. பருவம் மாறியதை வித்து எவ்வாறு அறியும்? ஆண்டர்சன், கீஃபர் என்னும் இரு அறிஞர் 1987இல் இதற்கு விடை கண்டனர். மாறாத வெப்பத்தில் ஆய்வுக்கூடத்தில் வைத்திருந்தபோதும் அவ்வித்துக்கள் ஆண்டுக்கொரு முறை முளைக்கும் ஒழுங்கைக் காட்டின. வெளியே பஞ்சாங்கம் இல்லாத இடத்தில், உள்ளேயே ஒரு கடிகாரம்! பின்னாளில் அவ்வளைகுடாவில் இலையுதிர் காலத்திலேயே சேற்றை எடுத்து வித்துக்களை எண்ணி, அடுத்த ஆண்டில் பாசி எவ்வளவு பெருகக்கூடும் என்று முன்னறிவிப்புச் செய்யவும் தொடங்கினர்.

அவர்களுடைய கணக்கை அப்படியே நாம் எடுத்துக்கொள்ளலாமா? இயலாது. அது குளிர்கடல், வேனிலின் இளஞ்சூடு அங்கே விழிப்பு மணி. நம் மேலைக்கரையிலோ பருவக்காற்றே பெரிய மாறுதலைக் கொண்டுவருகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரையில் ஆழத்துக் குளிர்நீர் உணவுச் சத்துக்களை ஏந்திக் கரையோரம் மேலெழுகிறது. மழையால் பெருகிய ஆறுகளும் கடலில் வந்து கலக்கின்றன. வெப்பம், உப்பு, சத்து ஆகிய மூன்றும் ஒருங்கே மாறும் காலம் அது. விழிஞ்ஞத்துத் துயரமும் செப்டம்பரில் நேர்ந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு முடிவு கட்டுவது அறிவியல் ஆகாது. எனினும் எங்கே தேட வேண்டும் என்பதை அது சுட்டுகிறது.

நீர் சிவந்த பிறகு எச்சரிப்பது வெள்ளம் வந்தபின் அணை போடுவதைப் போன்றது. நீர் நிறம் மாறாமலே சிப்பியில் நஞ்சு ஏறுவதும் உண்டு. ஆதலால் சந்தைக்கு வரும் சிப்பியைச் சோதிப்பதோடு, அது விளையும் இடத்துச் சேற்றையும் ஆண்டுதோறும் எடுத்துப் பார்க்க வேண்டும். எந்த வித்து உறங்குகிறது, எவ்வளவு உறங்குகிறது, எது அதனை எழுப்பும் என்று நம் கடலிலேயே கண்டறிய வேண்டும்.

அன்பர்களே! விதைநெல்லின் இயல்பறிந்து பருவம் பார்த்துப் பயிர் செய்த மக்கள் நாம். அந்தப் பொறுமையோடு கடலடி வித்தையும் கற்றால், பாறையில் முக்குளித்துச் சிப்பி எடுக்கும் தொழிலாளியின் வீட்டில் உலை அச்சமின்றிக் கொதிக்கும்.