காயவைக்க இயலாத வித்துக்கள்
சிங்கராசா மழைக்காட்டு மரங்கள்

நெல்லை நன்கு உலர்த்திச் சேமித்தால் அடுத்த போகம் வரை அது முளைதிறன் குன்றாதிருக்கும் என்பதைக் கமக்காரர் அறிவர். உலர்த்தினால் மடிந்துபோகும் வித்துக்களும் உள. பலா, இரப்பர், கொக்கோ ஆகியவற்றின் வித்துக்கள் அத்தகையன. மழைக்காட்டுப் பெருமரங்கள் பலவற்றின் வித்துக்களும் அவ்வாறானவையே.

வனத்தின் அமைப்பு

இரத்தினபுரி, காலி, மாத்தறை மாவட்டங்களிற் பரந்துள்ள சிங்கராசா வனம் ஆண்டொன்றுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழையைப் பெறுகின்றது. ஹொர, துன், நாகமரம் முதலியன ஓங்கி வளர்ந்து கூரைபோல் நிழல் பரப்புகின்றன. அவற்றின் கீழே கித்துள், பிரம்பு, மரமஞ்சட் கொடி, பன்னங்கள் என்பன அடுக்கடுக்காக வளர்கின்றன. இங்குள்ள மரவினங்களுட் பாதிக்கு மேற்பட்டவை இலங்கையிலன்றி வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை.

வித்தும் நாற்றும்

ஹொரக் காய்க்கு இரு சிறகுகள் உண்டு. எனினும் பெரும்பாலான காய்கள் தாய்மரத்தின் அருகிலேயே விழுகின்றன. விழுந்த வித்து ஈரமண்ணிற் சில வாரங்களுள் முளைத்தல் வேண்டும், இன்றேல் மடியும். ஆதலால் மண்ணினுள் இம்மரங்களின் வித்துச் சேமிப்பு இல்லை. முளைத்த நாற்றுக்களே காட்டின் சேமிப்பாகும். அவை நிழலிற் பல ஆண்டுகள் சிறிது சிறிதாக வளர்ந்து காத்திருக்கும். முதுமரமொன்று வீழ்ந்து ஒளி புகுந்ததும் விரைந்து ஓங்கும். வேரோடு இணைந்து வாழும் பூஞ்சணங்கள் மண்ணிலுள்ள போசணையைத் திரட்டிக் கொடுக்கின்றன.

அழிவும் மீட்பும்

1970களின் முற்பகுதியில் ஒட்டுப்பலகைக்காக இவ்வனத்தில் மரங்கள் தறிக்கப்பட்டன. 1977இல் அது நிறுத்தப்பட்டது. 1988இல் வனம் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்டது. தெரிந்தெடுத்த மரங்களை மட்டும் வெட்டிய இடங்களில் நாற்றுக்கள் எஞ்சியமையாற் காடு மீண்டும் தழைத்தது. முற்றாக வெட்டி எரித்த நிலத்திலோ நாற்றும் இல்லை, வித்தும் இல்லை. பன்னப் புதர்களே மூடிக்கொள்ளும்.

வன எல்லையிலுள்ள பைன் தோட்டங்களில் 1990களில் ஆராய்ச்சி நடைபெற்றது. சில வரிசைப் பைன் மரங்களை அகற்றி, அவ்விடைவெளியில் மழைக்காட்டு நாற்றுக்களை நட்டபோது அவை நன்கு வளர்ந்தன.

கவனிக்க வேண்டியவை

தம் காணியில் ஹொர மரமுள்ளோர் காய் விழுந்தவுடன் பொறுக்குதல் வேண்டும். வெயிலிற் காயவைத்தல் ஆகாது. அன்றே ஈரமண்ணில் விதைத்து, நாற்றுமேடைக்கு நிழல் அமைத்தல் நன்று. காப்புவனத்தினுள் எதனையும் பறித்தலும் பொறுக்குதலும் சட்டவிரோதமாகும். நெல் தவறிப்போனால் வேறிடத்தில் வித்துப் பெறலாம். இம்மரங்களுக்கோ நிற்கும் காடே வித்துக் களஞ்சியம்.