சுண்டைக்காய் அளவுக் கருவி!

ஓடும் தையல் எந்திரத்தின் மேஜையில் கையை வைத்துப் பாருங்கள். 'கிறுகிறு' என்று அதிரும். எவ்வளவு அதிர்கிறது? வினாடிக்கு எத்தனை தடவை? கைக்குத் தெரியாது. அதைச் சொல்ல ஒரு கருவி இருக்கிறது. அதன் பெயர் முடுக்கமானி. பல முடுக்கமானிகள் சுண்டைக்காய் அளவுதான்!

அதிர்வை எதற்காக அளக்க வேண்டும்?

1940-ம் ஆண்டு நவம்பர் 7-ந்தேதி. அமெரிக்காவில் டகோமா நகருக்கு அருகே ஒரு தொங்கு பாலம் காற்றில் ஆடியது. பிழியும் துணியைப்போல முறுக்கிக்கொண்டது. அறுந்து தண்ணீரில் விழுந்தது. திறந்து 4 மாதமே ஆன பாலம்!

பாலம், எந்திரம், கட்டிடம் ஆகியவற்றின் அதிர்வைப் பல்கலைக்கழகங்களில் ஆராய்கிறார்கள். அதற்குக் கருவி வாங்க வேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

கல்லில் மின்சாரம்

சிலவகைப் படிகக் கற்களை அழுத்தினால் மின்சாரம் உண்டாகும். 1880-ல் பிரான்சில் இதைக் கண்டுபிடித்தவர்கள் அண்ணன் தம்பிகள். ஒருவர் ழாக் கியூரி. மற்றவர் பியரி கியூரி. ரேடியம் கண்டுபிடித்த மேரி கியூரி அம்மையாரின் கணவர்தான் இந்தப் பியரி.

முடுக்கமானிக்குள் இப்படி ஒரு படிகமும், அதை அழுத்த ஒரு சிறு எடையும் இருக்கும். பொருள் அதிர்ந்தால் எடை படிகத்தை அழுத்தும். உடனே மின்சாரம் வரும். அதை அளந்தால் அதிர்வு தெரியும்.

இலையில் குழவி

வாழை இலை ஆடுவதை அளக்க, அதில் அம்மிக்குழவியைக் கட்டினால் இலை ஆடுமா? மெல்லிய தகட்டில் கனமான கருவியை ஒட்டினாலும் இதே கதிதான். பொருளின் எடையில் பத்தில் ஒரு பங்குக்குமேல் கருவி கனக்கக்கூடாது என்பது பொதுவான கணக்கு. அதற்கும் இடம் இல்லையென்றால், தொடாமலே அளக்கும் லேசர் கருவி உண்டு. ஆனால் விலை கேட்டால் தலை சுற்றும்!

பின்னால் ஓடும் சக்கரம்

சினிமாவில் வண்டி முன்னால் ஓடும். சக்கரம் மட்டும் பின்னால் சுற்றும். பார்த்திருப்பீர்கள். சக்கரத்தின் வேகத்துக்குப் படம் பிடிப்பது போதவில்லை; அதுதான் காரணம். அதிர்வைப் பதிவு செய்யும் கருவியும் மெதுவாக இருந்தால் இப்படித்தான் பொய் சொல்லும். வினாடிக்கு 1,000 தடவை அதிர்ந்தால், 2,000-க்கு மேற்பட்ட தடவை பதிவு செய்ய வேண்டும்.

குறைந்த விலைக்காரர்

அரசுப் பணத்தில் வாங்கும்போது பொதுவாக டெண்டர் விடுவார்கள். கேட்ட தகுதி இருப்பவர்களில் குறைந்த விலை சொன்னவருக்கே ஆர்டர். ஆகவே எதைக் கேட்டு எழுதுகிறோம் என்பதுதான் முக்கியம். "அதிர்வு மானி - 1" என்று மட்டும் எழுதினால், ஓர் எண்ணை மட்டும் காட்டும் கைக்கருவி வந்து சேரலாம். தொழிற்சாலையில் மோட்டாரைச் சோதிக்க அது போதும். ஆராய்ச்சிக்கு ஆகாது. மறுபடி பணம் வரும்வரை மாணவர் காத்திருக்க வேண்டும். அவருடைய உதவித்தொகையோ காத்திருக்காது!

எதை அளக்கப் போகிறோம், அது வினாடிக்கு எத்தனை தடவை அதிரும், எவ்வளவு கனம்? இந்த மூன்றையும் முதலில் தாளில் எழுதிவிட்டே விலை கேட்க வேண்டும்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். இங்கேயும் அப்படித்தான். பதிவுப் பெட்டி, கம்ப்யூட்டர் மென்பொருள், கருவி சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும் செலவு எல்லாம் தனி. பலர் மறப்பது வயர். நூல்போல மெல்லியது. ஒருவர் கால் இடறினால் போதும், அறுந்துவிடும். இரண்டு வயர் அதிகமாகக் கேட்டு, அதையும் டெண்டரிலேயே எழுதிவிடுவது நல்லது.