பள்ளி நின்றது, படிப்பு நிற்கவில்லை



"தம்பி, எழுத்துக் கூட்டிப் படிக்க வந்துவிட்டது. இனி இந்த வயதில் படித்து என்ன ஆகப் போகிறது?"

வகுப்பு முடியும் நேரத்தில் பலரும் இப்படிக் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இதற்குப் பதிலாக ஒருவரின் வாழ்க்கையைச் சொல்கிறேன். அவர் பெயர் ம.பொ.சிவஞானம். மக்கள் அவரை ம.பொ.சி. என்று அழைத்தார்கள்.

ஏழை வீட்டுப் பிள்ளை

நம் போர்ட் பிளேரில் செல்லுலார் ஜெயில் இருக்கிறது. (2024ஆம் ஆண்டு முதல் ஊரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம்.) அந்த ஜெயிலைக் கட்டி முடித்த ஆண்டு 1906. அதே ஆண்டு, ஜூன் 26ஆம் தேதி, ம.பொ.சி. பிறந்தார். ஊர் சென்னை. இடம் ஆயிரம் விளக்குப் பகுதியில் உள்ள சால்வன்குப்பம். தந்தை பொன்னுசாமி. தாய் சிவகாமி.

வீட்டில் வறுமை. பையன் மூன்றாம் வகுப்புக்குப் போனான். புத்தகம் வாங்கக் காசு இல்லை. அத்தோடு பள்ளிக்கூடம் நின்றது. பிறகு அவர் எந்தப் பள்ளிக்கும் போகவில்லை.

விளையாடும் வயதில் வேலைக்குப் போனார். நெசவு வேலை செய்தார். கூலி குறைவு. வீட்டுக்கே பற்றாது.

ஆனால் வீட்டில் ஒரு செல்வம் இருந்தது. அது அம்மாவின் குரல். அல்லி அரசாணி மாலை, பவளக்கொடி மாலை போன்ற கதைப் பாடல்களை அம்மா பாடுவார். மகன் கேட்பார். தமிழ் முதலில் அவர் காது வழியாகத்தான் உள்ளே போனது.

கையில் வந்த எழுத்து

பிறகு அவருக்கு ஓர் அச்சகத்தில் வேலை கிடைத்தது. அச்சுக் கோக்கும் வேலை. கம்போசிட்டர் வேலை என்றும் சொல்வார்கள்.

அந்த வேலை என்ன தெரியுமா? அந்தக் காலத்தில் பத்திரிகை அச்சடிக்கக் கம்ப்யூட்டர் கிடையாது. ஒவ்வொரு எழுத்தையும் ஈயத்தில் தனித்தனியாக வார்த்து வைத்திருப்பார்கள். சிறு சிறு அறைகள் உள்ள பெட்டியில் 'அ' ஒரு பக்கம், 'க' ஒரு பக்கம் என்று எழுத்துகள் கிடக்கும். எழுதிக் கொடுத்த தாளைப் பார்க்க வேண்டும். எழுத்தைப் பொறுக்க வேண்டும். வரிசையாக அடுக்க வேண்டும். ஈய எழுத்து கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பி இருக்கும். அச்சில் விழுந்த பிறகுதான் நேராகத் தெரியும். ஓர் எழுத்து மாறினாலும் பொருள் மாறிவிடும். 'பல்' என்பது 'பால்' ஆகிவிடும்.

நாள் முழுதும் நின்றுகொண்டே செய்யும் வேலை. கை வலிக்கும். கண் எரியும். ம.பொ.சி. இந்த வேலையைப் பல காலம் செய்தார். கை எழுத்தைப் பொறுக்கியது. மனம் பொருளைப் பொறுக்கியது. பெரியவர்கள் எழுதிய கட்டுரைகளைத் தினமும் ஓர் எழுத்து விடாமல் படித்தார். கூலி வேலை செய்த இடமே அவருக்குப் பள்ளிக்கூடம் ஆனது.

பசியா, புத்தகமா?

வேலை செய்யும்போது படித்தது போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. புதுப் புத்தகம் வாங்க வசதி இல்லை. அதனால் பழைய புத்தகக் கடைகளுக்குப் போவார். விலை குறைந்த புத்தகமாகப் பார்த்து வாங்குவார். சில நாள் சாப்பாட்டுக்கு வைத்திருந்த காசையும் புத்தகத்துக்குக் கொடுத்தார். அன்று பட்டினி.

யாரும் பட்டினி கிடக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. படிப்பு அவருக்கு எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதைப் பாருங்கள்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. நல்ல சொற்பொழிவு நடந்தால் போய்க் கேட்பார். திருப்பாதிரிப்புலியூர் ஞானியார் அடிகள் போன்ற அறிஞர்களின் பேச்சைக் கேட்டுக் கற்றார். படிப்பது ஒரு வழி. கேட்பது இன்னொரு வழி. இரண்டையும் அவர் விடவில்லை.

சிறையும் பள்ளிக்கூடம்தான்

நாட்டு விடுதலைப் போராட்டத்தில் ம.பொ.சி. சேர்ந்தார். 1942ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டம் எழுந்தது. அவரைக் கைது செய்தார்கள். முதலில் வேலூர்ச் சிறை. பிறகு வெகு தொலைவில் உள்ள அமராவதிச் சிறை. அங்கே வெயில் கொடுமை. உடல் கெட்டது.

அந்த நிலையிலும் படித்தார். பழந்தமிழ் நூல்களை எடுத்தார். சிலப்பதிகாரத்தை ஊன்றிப் படித்தார்.

நம் தீவில் உள்ளவர்களுக்கு இது புதிதல்ல. 1933ஆம் ஆண்டு செல்லுலார் ஜெயிலில் அரசியல் கைதிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். மூன்று பேர் உயிரை விட்டார்கள். அந்தக் கைதிகள் கேட்டவற்றில் முக்கியமானவை எவை? அறைக்கு விளக்கு. படிக்கப் புத்தகம். போராடிப் பெற்ற பிறகு, தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுத்தார். கூடிக் கூடிப் படித்தார்கள். பூட்டிய அறைக்குள் இருந்தவர்கள் விளக்கும் புத்தகமும் கேட்டு உயிரைக் கொடுத்தார்கள். நம் வீட்டில் விளக்கு இருக்கிறது. புத்தகம் கையில் இருக்கிறது.

எட்டிய உயரம்

மூன்றாம் வகுப்போடு நின்றவர் பிறகு என்ன ஆனார்?

பல நூல்கள் எழுதினார். வ.உ.சிதம்பரம் பிள்ளையின் வரலாற்றை எழுதினார். 'கப்பலோட்டிய தமிழன்' படம் பார்த்திருப்பீர்கள். 1961இல் வந்த அந்தப் படத்துக்கு அவர் எழுதிய நூல்தான் அடிப்படை. சிலப்பதிகாரத்தை ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அதனால் 'சிலம்புச் செல்வர்' என்ற பட்டம் கிடைத்தது. தமிழ்நாட்டின் வடக்கு எல்லைக்காகப் போராடினார். 1960இல் திருத்தணி நம் பக்கம் சேர்ந்தது.

வள்ளலாரைப் பற்றி அவர் எழுதிய நூலுக்கு 1966ஆம் ஆண்டின் சாகித்ய அகாடமி பரிசு கிடைத்தது. 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். தமிழ்நாடு சட்ட மேலவையின் தலைவராகவும் இருந்தார். 1995ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் தேதி காலமானார்.

நமக்கு என்ன?

"அவர் பெரிய மனிதர். நாம் அப்படி ஆக முடியுமா?" என்று நினைக்கலாம். எல்லாரும் நூல் எழுத வேண்டியதில்லை. ஆனால் அவரிடம் இருந்த ஒரு பழக்கம் நமக்கும் முடியும். அவர் விடாமல் படித்தார். அவ்வளவுதான்.

விட்டால் என்ன ஆகும்? புதிதாகக் கற்ற எழுத்து ஈரச் சுவரில் பூசிய சுண்ணாம்பு மாதிரி. சீக்கிரம் உதிர்ந்துவிடும். முதலில் கூட்டெழுத்து மறக்கும். பிறகு 'ன', 'ண', 'ந' குழம்பும். கடைசியில் மறுபடியும் கைநாட்டு. நம் தீவில் இந்த ஆபத்து கொஞ்சம் அதிகம். கடைத்தெருவில் இந்தி பேசுகிறோம். போர்டுகளில் பெரும்பாலும் இந்தியும் ஆங்கிலமும் இருக்கின்றன. தமிழ் எழுத்து தானாகக் கண்ணில் படாது. நாம்தான் தேடிப் படிக்க வேண்டும்.

தினமும் படித்தால் என்ன ஆகும்? முதலில் 'அ', 'ம்', 'மா' என்று கூட்டுவோம். பழகப் பழக, கண் பார்த்ததும் 'அம்மா' என்று முழுச் சொல்லாகத் தெரியும். கூட்டும் சிரமம் குறையும்போது, பொருளில் மனம் நிற்கும். அப்போதுதான் படிப்பு இனிக்கும். அந்த இடம் வரும் வரை விடக்கூடாது.

இப்படிச் செய்து பாருங்கள்:

தினமும் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். நேரத்தை மாற்றாதீர்கள்.

சத்தமாகப் படியுங்கள். வீட்டில் உள்ளவர்கள் கேட்கட்டும்.

பிள்ளையின் தமிழ்ப் பாடப் புத்தகத்தை வாங்கிப் படியுங்கள். அதில் வெட்கம் இல்லை.

தினமும் இரண்டு வரி எழுதுங்கள். இன்று எவ்வளவு மீன் விற்றது, என்ன கூலி வந்தது என்று எழுதினால் போதும்.

நூலகத்துக்குப் போனால் தமிழ்ப் புத்தகம் கேளுங்கள். பலர் கேட்டால்தான் வாங்கி வைப்பார்கள்.

புத்தகம் வாங்கக் காசில்லாத பையன் ஒருநாள் நூலாசிரியர் ஆனார். இன்று உங்கள் கையில் ஒரு புத்தகம் இருக்கிறது. இந்தப் பக்கம் வரை நீங்களே படித்து வந்துவிட்டீர்கள். நாளையும் எடுங்கள்.

பேசிப் பார்ப்போம்

1. ம.பொ.சி. படிப்பை நிறுத்தியிருக்க எத்தனை காரணங்கள் இருந்தன?
2. உங்கள் வேலையில் எந்தெந்த இடத்தில் எழுத்து வருகிறது?
3. நாளைக்கு எந்த நேரத்தில் படிக்கப் போகிறீர்கள்? அந்த நேரத்தை இங்கே எழுதுங்கள்: ............